உருக்கமான உண்மைக் கதை: மொழியும் தொனியும்

ஒருவருடைய வாழ்வில் மெய்யாக நிகழ்ந்த துன்பத்தைச் சஞ்சிகைக் கட்டுரையாக எழுதுதல் எளிதென்று பலர் கருதுவர். நிகழ்ச்சியே உருக்கமானதாதலின், இரக்கச் சொற்களை அள்ளிச் சொரிந்தாற் போதும் என்பது அவர் எண்ணம். உண்மையோ இதற்கு மாறானது. எழுதுவோன் முந்திக்கொண்டு அழுதுவிட்டால், வாசகனுக்கு அழுவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. ஆதலின், இத்தகைய கட்டுரையின் மொழியும் தொனியும் பேனாவை எடுப்பதற்கு முன்னரே திட்டமிடப்படல் வேண்டும்.

முதலில் துணியவேண்டியது, எவ்வகைத் துயரத்தைச் சொல்லப் போகின்றோம் என்பதே. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றார். பிறரால் இகழப்படும் இளிவு, உற்றாரையும் உடைமையையும் இழக்கும் இழவு, முன்னை நிலையிலிருந்து தளரும் அசைவு, வறுமை என்பன அவை. இழவைக் கூறுமிடத்து அமைதியான நடை பொருந்தும். இளிவைக் கூறுமிடத்துச் சிறிது வெகுளியும் கலத்தல் கூடும். நான்கையும் ஒரே குரலிற் புலம்பினால் ஒன்றும் மனத்திற் பதியாது.

இனி, தொனியைத் திட்டமிட்டு வென்ற ஒரு கட்டுரையை நோக்குவோம். 1945 ஓகஸ்ட் 6 ஆந் திகதி காலை 8.15 மணிக்கு யப்பானின் ஹிரோஷிமா நகர்மீது அணுகுண்டு வீசப்பட்டது. மறு ஆண்டு அங்குச் சென்ற அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஹேர்சி, உயிர் தப்பிய அறுவரின் அனுபவங்களைக் கட்டுரையாக்கினார். 'நியூ யோர்க்கர்' சஞ்சிகை 1946 ஓகஸ்ட் 31 இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியது. அவ்வாண்டிலேயே பி.பி.சி. வானொலியிலும் அது வாசிக்கப்பட்டது.

அக்கட்டுரை அறிவியல் விளக்கத்தோடோ ஆவேசக் கண்டனத்தோடோ தொடங்கவில்லை. குண்டு வெடித்த கணத்தில் அறுவரும் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பதையே முதலிற் கூறுகின்றது. அலுவலகப் பெண்ணொருத்தி பக்கத்து மேசைத் தோழியோடு பேசத் தலையைத் திருப்புகின்றாள்; மருத்துவர் ஒருவர் செய்தித்தாள் படிக்க அமர்கின்றார். நம் வீட்டுக் காலைப் பொழுதுகளும் இத்தகையனவே. அதனாலேயே, அடுத்து வரும் பேரழிவு நம்மைத் தாக்குகின்றது. ஹேர்சி தமது சீற்றத்தை எங்கும் வெளிக்காட்டவில்லை. உணர்ச்சி ததும்பும் நடையைக் கைக்கொண்டால் வாசகனுக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவே தாம் வந்து நிற்க நேரும் என்பதால், அலங்காரமற்ற நடையை வேண்டுமென்றே தெரிந்ததாக அவர் பின்னாளிற் கூறினார்.

இதனை நம் சூழலிற் பொருத்திப் பார்ப்போம். 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி நம் கரைகளைத் தாக்கிய ஆழிப்பேரலையில் மகனை இழந்த தாயொருத்தியைப் பற்றி எழுதுவதாகக் கொள்வோம். "துயரக் கடலில் மூழ்கிய அத்தாயின் இதயம் சுக்குநூறாயிற்று" என்ற வாக்கியம் எந்தத் தாய்க்கும் பொருந்தும். ஆதலின் இவளுக்கெனப் பொருந்தாது. "முதலாந் தவணைக்கென்று மகனுக்கு வாங்கிய சப்பாத்து இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றது" என்று எழுதினால், அது இவளுடைய துயரம் மட்டுமே. ஆயின், அச்சப்பாத்து மெய்யாகவே அவ்வீட்டில் இருத்தல் வேண்டும். உருக்கத்திற்காக இல்லாததைப் படைத்துச் சேர்ப்பது சிறுகதை ஆசிரியனுக்கு உரிமை. உண்மைக் கதை எழுதுவோனுக்கு அது குற்றம்.

தாயின் கூற்றை அவள் பேசியவாறே, ஊர்வழக்குக் கெடாமல் தருக. நமது கூற்று எளிய செந்தமிழில் அமைக. இரண்டும் கலந்தால், அவள் சொல்லாததை அவள் வாயில் வைத்தவராவோம். துயரம் உச்சமடையும் இடத்தில் வாக்கியங்கள் குறுகுக. பெயரடைகளும் உணர்ச்சிக் குறிகளும் அங்கு வேண்டா. கதையின் நடுவே ஓரிடத்திலேனும் அவளுடைய சிரிப்போ அன்றாட வேலையோ இடம்பெறுக. துயரம் மட்டுமே உடைய மனிதர் உலகில் இல்லை.

இவையெல்லாம் வெறும் நடையழகு பற்றியன அல்ல. சஞ்சிகை அச்சேறிய மறுநாள், அத்தாய் தன் ஊர்ச் சந்தைக்குப் போகவேண்டும். அண்டை அயலாரின் முகத்தில் விழிக்கவேண்டும். அவளை வெறும் இரக்கப் பொருளாக்கிவிட்டால், நாம் அவளுக்கு இழவோடு இளிவையும் சேர்த்தவராவோம். ஹேர்சியும் தாம் எழுதிய அறுவரை மறந்தாரல்லர். அவர்தம் பிற்கால வாழ்வை ஆராய்ந்து 1985 இல் மீண்டும் எழுதினார். ஆகவே, எழுதி முடித்ததும் கட்டுரையை உரியவருக்கு வாசித்துக் காட்டுக. அவர் மறைக்க விரும்பும் பெயரையும் செய்தியையும் தயங்காது நீக்குக. அவர் தலைநிமிர்ந்து கேட்கத்தக்க கட்டுரையே அச்சேறத் தகுதியுடையது.