கடுகும் பிரமதண்டும்

வட இந்தியாவில் பல வீடுகளில் கடுகு எண்ணெயில்தான் சமையல். 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டில்லியில் இந்த எண்ணெயால் பெருந்துயரம் நடந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கியது. மூச்சுத் திணறியது. அறுபது பேருக்கு மேல் இறந்தனர். காரணம் என்ன? கடுகு எண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. அது நஞ்சு.

பிரமதண்டு தரிசு நிலத்திலும் சாலை ஓரத்திலும் வளரும். கடுகு வயலில் களையாகவும் முளைக்கும். இதைக் குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். இந்தியில் சத்தியானாசி என்பார்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும். செடியின் உறுப்புகள் எங்கும் ஒன்றுதான். ஆகவே உறுப்புகளைப் பார்த்துச் செடியை அடையாளம் காண வேண்டும். அதற்குச் சில சொற்கள் தெரிந்தால் போதும்.

விளிம்பு: இலையின் ஓரத்துக்கு விளிம்பு என்று பெயர். பிரமதண்டு இலையின் விளிம்பில் முள் இருக்கும். கடுகு இலையில் முள் கிடையாது.

நரம்பு: இலையில் ஓடும் கோடுகள் நரம்புகள். பிரமதண்டு இலையில் இவை வெளுப்பாகத் தெரியும்.

காம்பு: இலையைத் தண்டோடு சேர்ப்பது காம்பு. கடுகுச் செடியின் அடி இலைகளுக்குக் காம்பு உண்டு. பிரமதண்டின் தண்டில் உள்ள இலைகளுக்குக் காம்பு இல்லை. அவை தண்டை ஒட்டியே இருக்கும்.

இதழ்: இரண்டு செடிக்கும் பூ மஞ்சள்தான். இதழ்களை எண்ணிப் பாருங்கள். கடுகுப் பூவுக்கு 4 இதழ். பிரமதண்டுப் பூ பெரியது. அதற்குப் பெரும்பாலும் 6 இதழ் இருக்கும்.

காய்: கடுகின் காய் மெல்லியது, நீளமானது. பிரமதண்டின் காய் பருமனானது. அதன் மேல் முள் இருக்கும்.

பால்: பிரமதண்டை ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். கடுகில் பால் வராது.

விதை: இரண்டு விதையும் சிறியவை, உருண்டையானவை, கருமையானவை. கலந்துவிட்டால் பிரிப்பது கடினம். ஆகவே காய் முற்றும் முன்பே பிரமதண்டை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். முள் குத்தும். கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும் கடுகையும் உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். கடுகு வழவழப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே வெள்ளை.

உங்கள் ஊரில் இந்தச் செடி இருக்கிறதா? அதை எப்படி அழைக்கிறார்கள்? கேட்டு எழுதுங்கள்.