கிட்டத்து ஓட்டும் தூரத்து ஓட்டும்

ஆண்டிபட்டி என்றதும் நம்மிடம் இரண்டு தயார் விடைகள் உண்டு. ஒன்று, 'எம்.ஜி.ஆர். கோட்டை'. மற்றது, 'முக்குலத்தோர் ஓட்டு'. முன்னது சினிமாப் பிம்பத்தை வைத்தும் பின்னது சாதியை வைத்தும் தேனிப் பக்கத்து வாக்காளரை விளக்கி முடித்துவிடுகின்றன. தேர்தல் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டுமே போதவில்லை என்பது என் வாதம்.

1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். ஆண்டிபட்டிக்கு ஓட்டுக் கேட்டு ஒரு நாள்கூட வரவில்லை. ஜெயித்தார். பிம்பவாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் 1989 தேர்தலில் அவர் மனைவி ஜானகி அதே ஆண்டிபட்டியில் இரட்டைப் புறாவில் நின்று தோற்றார், தி.மு.க.வின் ஆசையன் ஜெயித்தார். பக்கத்துப் போடிநாயக்கனூரில் சேவல் சின்னத்தில் நின்ற ஜெயலலிதா முதன்முறையாகச் சட்டமன்றம் போனார். கட்சி உடைந்ததால் ஓட்டுப் பிரிந்தது, வாஸ்தவம். ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு பிரிவது என்று தீர்மானித்தது சனங்கள்தானே? தாலிக்காக ஓட்டு விழும் என்று நம்பியவர்களுக்கு அவர்கள் வேறு பதில் சொன்னார்கள். 1996இல் ஆசையன் மறுபடியும் ஜெயித்தார். கோட்டைக்கு இத்தனை வாசலா?

'பதினெட்டாம் புரூமே'ரில் மார்க்ஸ், லூயி போனபார்ட்டுக்கு ஓட்டுப் போட்ட பிரெஞ்சுச் சிறுவிவசாயிகளைத் தம்மைத் தாமே பிரதிநிதித்துவப்படுத்திக்கொள்ள இயலாதவர்களாகப் பார்த்தார். நம் தோழர்கள் சிலர் அதை அப்படியே ஆண்டிபட்டிக்குப் பொருத்துவார்கள். வருசநாட்டு அடிவாரத்து மானாவாரிக் காடு, சக்கம்பட்டித் தறி, ஊர் எல்லையில் வைகை அணை இருந்தும் தண்ணி கிழக்கே மதுரைப் பக்கம் போய்விடுகிற நிலைமை: இந்த வறுமைதான் தெய்வத்தைத் தேடுகிறது என்பார்கள். வறுமை நிஜம். அதிலிருந்து அறியாமையை வருவிப்பதுதான் சரியில்லை.

2019 ஏப்ரல் 18ஐ எடுத்துக்கொள்வோம். ஒரே சாவடியில் இரண்டு எந்திரம். தேனி மக்களவைத் தொகுதியில் அ.தி.மு.க.வின் ரவீந்திரநாத் ஜெயித்தார். தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. அந்தத் தொகுதிக்குள்ளேயே இருக்கிற ஆண்டிபட்டி, பெரியகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல்களில் தி.மு.க. ஜெயித்தது. அ.ம.மு.க. ஓட்டைப் பிரித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டிபட்டியில் தி.மு.க. மகாராஜனும் அ.தி.மு.க. லோகிராஜனும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. ஒரே வீடு, ஒரே சாதி. இங்கே சாதிக் கணக்கு எதை விளக்கும்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். மலையாளி. 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில், தங்க தமிழ்ச்செல்வன் விலகிக் கொடுத்த ஆண்டிபட்டியில் 41,201 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த ஜெயலலிதா பிராமணர். 2004இல் பெரியகுளத்திலிருந்தும் 2009இல் தேனியிலிருந்தும் மக்களவைக்குப் போன காங்கிரஸின் ஆரூண் ரஷீத் முஸ்லிம். அப்படியானால் இது சாதி கடந்த ஓட்டு என்று சந்தோஷப்படலாமா?

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் இறங்கினால் அந்தச் சந்தோஷம் நிற்காது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சித் தலைவர் பதவிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் தேர்தலை நடக்கவிடவில்லை. நடந்தால் ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் தலித் தலைவர்கள் நாற்காலியில் நிலைத்தார்கள். அதாவது, கணவாய்க்கு மேற்கே ஒரு முதல்வரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில் கிழக்கே ஒரு ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. தொகுதி மறுவரையறைக்குப் பிறகு, 2009 முதல், இரண்டு பக்கமும் ஒரே தேனி மக்களவைத் தொகுதி.

பதவி எவ்வளவு தூரமோ அவ்வளவு தாராளம். இதுதான் இந்த வட்டார ஓட்டின் இலக்கணமாக எனக்குப் படுகிறது. சென்னைக்கோ டெல்லிக்கோ யார் போனாலும் தெருவின் அதிகாரம் கைமாறாது. 2011இல் தனித்தொகுதியான பெரியகுளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் லாசர் ஜெயித்தபோது யாரும் சாவடியை மறிக்கவில்லை. ஊராட்சித் தலைவர் என்றால் கதை வேறு. குழாய் எந்தத் தெருவுக்குப் போகும், காசோலையில் யார் கையெழுத்துப் போடுவார், யார் முன்னால் யார் எழுந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. ஆதிக்க சாதி ஓட்டுச் சீட்டை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. அதனால்தான் தூரத்து ஓட்டை விட்டுக்கொடுக்கிறது, கிட்டத்து ஓட்டைக் காவல் காக்கிறது.

நம் அரசியல் விமர்சனமோ தூரத்து ஓட்டை மட்டுமே படிக்கிறது: பிம்பம், அலை, கூட்டணி. ஒரு தொகுதியின் ஓட்டு வரலாற்றை எழுதுகிறவர் சட்டமன்ற முடிவுகளோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி வரலாறுதான். மிச்சப் பாதி, மனு போடவே பயந்தவர்களுடையது.