வரட்டும்… வரட்டும்…

வண்டியும் வழியும் – 14

போன வாரம் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனோம். இந்த வாரம் வெறும் 5. அதுவும் பின்பக்கமாக.

இடம், நெய்வேலி நகரியத்தின் மெயின் பஜார். சித்திரை மாதம், மதியம் பன்னிரண்டரை. வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலமாகச் சாலை போட்டு, மரம் நட்டுச் சுரங்கக் கம்பெனி வளர்த்த ஊர் இது. ஒரு தலைமுறைக்கு முன்பு ஷிப்ட் முடிந்தால் சைக்கிள்கள்தான் சாரை சாரையாக வரும். இன்று வீட்டுக்கு வீடு கார். அந்தக் காரை யாரும் கோடு பார்த்து நிறுத்துவதில்லை, நிழல் பார்த்து நிறுத்துகிறார்கள். பதினோரு மணிக்கு நிழல் ஓரிடத்தில் விழுகிறது, ஒரு மணிக்கு இன்னோரிடத்தில். ஆகவே ஒரே வேம்பின் அடியில் மூன்று கார், மூன்று கோணம். நானும் அப்படித்தான் மூக்கை உள்ளே நுழைத்து நிறுத்தியிருந்தேன்.

கிளம்பும்போது, யாரென்றே தெரியாத ஒருவர் பின்னால் நின்று கை ஆட்டினார். “வரட்டும்… வரட்டும்… வரட்டும்…” நம் ஊரில் இதற்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. காரை ரிவர்ஸ் எடுத்தால் எங்கிருந்தோ ஒருவர் வந்துவிடுவார். அவர் இடது பக்கம் நின்றார். வலது பக்கத்திலிருந்து மொபெட் வந்தது. டொக்.

யாருக்கும் அடியில்லை. மொபெட்டில் தொங்கிய காலி பால்கேன் நசுங்கியது, என் பம்பரில் கீறல். பக்கத்து சீட்டில் இருந்த சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி: “எடுக்கறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்தியாடா?”

சித்தப்பா சுரங்கத்தில் டம்பர் ஓட்டி ஓய்வு பெற்றவர். கேட்க அவருக்குத் தகுதி உண்டு. திறந்தவெளிச் சுரங்கத்தில் டம்பரைப் பின்னால் எடுப்பது ஒரு சடங்கு மாதிரி. ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பது மாடி உயரத்தில். சக்கரத்தின் ஓரமாக ஒரு ஜீப்பே நின்றாலும் அவர் கண்ணுக்குப் படாது. அதனால்தான் சுரங்கத்து ஜீப்புகளில் நீளக் கம்பி நட்டு உச்சியில் கொடி கட்டுகிறார்கள். ஏறுமுன் சுற்றிப் பார்க்க வேண்டும். கிளப்புமுன் ஹாரன். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் தானாகவே அலறும் ஒலிப்பான். சைகை காட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படிதான் நிற்க வேண்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும்.

இத்தனையும் பழகிய கைகள்தான் மாலையில் பஜாருக்குக் காரை எடுத்து வருகின்றன. நகரிய நுழைவாயிலுக்கு உள்ளே வந்ததும் பழக்கம் எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கார் சின்னது, வேகம் குறைவு என்ற தைரியமாக இருக்கலாம்.

குறைந்த வேகம் என்பதையும் கணக்குப் போட்டுவிடுவோம். 10 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 2.8 மீட்டர் நகர்கிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் 4 மீட்டர். ஒரு சின்னக் காரின் முழு நீளத்தை விடக் கொஞ்சம் அதிகம். 5 கிலோமீட்டரிலும் 2 மீட்டர் போய்விடும். மொபெட் குறுக்கே வந்தது அதற்கும் குறைவான தூரத்தில்.

சரி, வண்டியை எப்படி விடுவது? பின்பக்கமாக உள்ளே விட்டு, முன்பக்கமாக வெளியே வருவதுதான் நல்லது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல்கூட வீட்டு வாசலுக்கு இதைத்தான் சொல்கிறது. காரணம் எளிது. வந்து நிறுத்தும்போது அந்த இடத்தை இப்போதுதான் பார்த்திருக்கிறோம், அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். திரும்பி வரும்போது எல்லாம் மாறியிருக்கும். மேலும், பக்கத்தில் உயரமான வண்டி நின்றால், ரிவர்ஸில் வெளியேறும் காரின் பாதிக்கு மேல் பாதையில் நீட்டிய பிறகுதான் ஓட்டுபவர் கண்ணுக்குப் பக்கவாட்டுப் பாதை தெரியும். சொன்னால், “பின்னாடி விட நேரமாகுதே” என்பார்கள். அந்த நேரத்தைக் கிளம்பும்போது கொடுக்கத்தான் போகிறார்கள்.

சென்சார் இருக்கிறதே என்பவர்களுக்கு: 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் வரும் புதுக் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். ஆனால் அது பார்ப்பது நேர் பின்னால். பக்கவாட்டில் பாய்ந்து வரும் மொபெட்டுக்கு அது கத்தும்போது காரியம் முடிந்திருக்கும். மெல்லிய கம்பியும், பம்பருக்கு வெகு கீழே இருக்கும் கல்லும் அதற்குத் தட்டுப்படாமலே போகலாம்.

இன்னொரு பேச்சு நகரியத்தில் உண்டு. “இது கம்பெனி இடம், இங்க இடிச்சா இன்சூரன்ஸ் வராது.” தனியார் இடமானாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அது ‘பொது இடம்’ ஆகலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1999லேயே சொல்லிவிட்டது. ஆனால் சின்னக் கீறலுக்கு ஓடிப்போய்க் கிளெய்ம் போடுமுன் யோசிக்க வேண்டும். கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், ஐந்து ஆண்டானால் 50 சதவீதம் என்று சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி பறிபோகும். நான் போடவில்லை. பால்காரருக்குப் புதுக் கேன் வாங்கிக் கொடுத்தேன். அவர் பழைய கேனையும் கையோடு எடுத்துக்கொண்டார்.

கை ஆட்டியவரைத் தேடினேன். அவர் அதற்குள் இரண்டு கார் தள்ளி நின்று, “வரட்டும்… வரட்டும்…” என்றுகொண்டிருந்தார். சித்தப்பா இறங்கி, முட்டிவலியோடு வண்டியை முழுதாக ஒரு சுற்று சுற்றி, குனிந்து அடியிலும் பார்த்துவிட்டு, என் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் போய் நின்றார்.

“இப்ப எடு.”

(தொடரும்)