குடலிலே ஒரு குடியேற்றம்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் காணச் செல்வோர், கண்ணாடிப் பெட்டியின் அருகில் நின்று முதலில் கேட்பது, "எடை எவ்வளவு?" என்பதே. அடுத்து, "மூச்சு ஒழுங்காக வருகிறதா?" என்பர். இரண்டும் தக்க கேள்விகளே. ஆயினும், அச்சிசுவின் உயிரோடு நெருங்கிய தொடர்புடைய மற்றொரு செயல், எவர் கண்ணுக்கும் புலப்படாமல் அதன் குடலினுள் நடைபெற்று வருகிறது. அதுவே நுண்ணுயிர்களின் குடியேற்றம். அதைப்பற்றி இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

கிருமி என்றாலே நோய் என்று எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணம் பாதியே உண்மை. 1885-ஆம் ஆண்டில் மியூனிக் நகரின் குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிக், பச்சிளங் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து, அதில் வாழும் பாக்டீரியாக்களை விவரித்தார். 1899-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சார்ந்த ஆன்றி திசியே, தாய்ப்பால் அருந்தும் குழந்தைகளின் மலத்தில், இரு கிளையாகப் பிரிந்த வடிவுடைய ஒருவகைப் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். 'பிஃபிடோ பாக்டீரியா' என்று இன்று வழங்குவது அதுவே.

பாலில் மறைந்துள்ள விருந்து

தாய்ப்பாலில் ஒரு விந்தை உண்டு. குழந்தையால் செரிக்க முடியாத பலவகைச் சர்க்கரைகள் அதில் மிகுதியாக உள்ளன. செரிக்காத பொருளைத் தாயின் உடல் ஏன் இவ்வளவு பாடுபட்டு உண்டாக்க வேண்டும்? அச்சர்க்கரைகள் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. அவற்றை உண்ட பாக்டீரியாக்கள் அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலச் சூழலில் தீய கிருமிகள் எளிதில் பெருக முடிவதில்லை. நிறைமாதத்தில் பிறந்து தாய்ப்பால் அருந்தும் குழந்தையின் குடலில் இந்நல்ல குடிகள் சில வாரங்களில் நிலைபெறக் காண்கிறோம்.

குறைமாதக் குழந்தையின் நிலை

முப்பத்தேழு வாரங்கள் நிறைவுறுமுன் பிறப்போரைக் குறைமாதக் குழந்தைகள் என்கிறோம். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் இவ்வாறு பிறந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம். இவர்களுள் பலர் அறுவைச் சிகிச்சையால் பிறக்கின்றனர். பிறந்தவுடன் தாயைப் பிரிகின்றனர். குழாய் வழியே உணவு பெறுகின்றனர். நோய்த்தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக் மருந்துகளும் பெறுகின்றனர். இம்மருந்துகள் பலருடைய உயிரைக் காக்கின்றன. எனினும் நல்ல நுண்ணுயிர்களையும் அவை விட்டுவைப்பதில்லை. ஆகவே, மருத்துவமனைச் சூழலில் உள்ள கிருமிகளே பெரும்பாலும் அக்குடலில் முதலில் இடம்பிடிக்கின்றன.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 58 குறைமாதக் குழந்தைகளின் 922 மல மாதிரிகளை ஆராய்ந்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். நுண்ணுயிர்க் கூட்டங்கள் மூன்று ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஓங்குவது அதில் தெரிய வந்தது. பிறந்த முறை, உணவு, மருந்து ஆகியவை அதன் வேகத்தை மாற்றினவேயன்றி வரிசையை மாற்றவில்லை. கருவுற்ற நாளிலிருந்து கணக்கிட்டு 33 முதல் 36 வாரங்களை எட்டுகையில், உயிர்வளி இன்றி வாழும் நுண்ணுயிர்கள் குடலில் நிலைபெற்றன.

இக்குடியேற்றம் சீர்கெடும்போது நேரக்கூடிய பேராபத்து, குடற்சுவர் வீங்கி அழுகும் கொடிய நோயாகும். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடையுள்ளோரையே இது பெரிதும் தாக்குகிறது. குடலின் முதிர்ச்சியின்மை போன்ற வேறு காரணங்களும் இதற்கு உண்டு. எனினும் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 1990-இல் வெளியிட்ட முடிவு நம் கருத்துக்கு உரியது. தாய்ப்பால் மட்டும் பெற்றோரைவிட, புட்டிப்பால் மாவு மட்டும் பெற்றோரிடம் இந்நோய் ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக இருந்தது.

நல்ல கிருமிகளை மருந்தாகத் தரலாமா?

ஒடிசா மாநிலத்துச் சிற்றூர்களில் 4,556 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. நல்ல பாக்டீரியாவையும் அதற்குரிய உணவையும் சேர்த்துக் கொடுத்ததில், இரத்த நச்சுத்தொற்றோ இறப்போ நேர்ந்தோர் நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தனர். மகிழ்ச்சிக்குரிய செய்தி! ஆனால் அவர்கள் 35 வாரங்களேனும் கருவில் வளர்ந்து, இரண்டு கிலோவேனும் எடையிருந்தவர்கள். 31 வாரம் நிறைவுறுமுன் பிறந்த 1,315 குழந்தைகளிடம் இங்கிலாந்தில் வேறொரு பாக்டீரியாவைக் கொடுத்து நடத்திய ஆய்வு, பயனேதும் இல்லை என்று 2016-இல் தெரிவித்தது. இத்தகைய பொருளாலேயே தொற்று ஏற்பட்டுக் குறைமாதக் குழந்தை ஒன்று இறந்தபின், அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் எச்சரிக்கை விடுத்தது. எனவே கடையில் விற்கும் பொடியை நாமாக வாங்கிக் கொடுத்தல் ஆகாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

வீட்டாரின் கடமை

நம் இல்லங்களில் இன்னும் சில பழக்கங்கள் தொடர்கின்றன. சேனை வைத்தல் என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாவில் தடவுகிறோம். சீம்பாலைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டுகிறோம். நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிந்த அமுதமன்றோ அது! தேனோ, ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஆபத்தானது.

குழந்தை பெட்டியில் இருக்கிறதே, பால் குடிக்கவில்லையே என்று தாய் வாளாவிருத்தல் கூடாது. பிறந்த சில மணி நேரத்திலேயே தொடங்கி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பாலைப் பிழிந்து எடுக்க வேண்டும். முதலில் சில துளிகளே வரலாம். அத்துளிகளும் குழாய் வழியே குழந்தையைச் சேரும். தாய்க்குப் பால் போதாவிடின் தாய்ப்பால் வங்கிகள் உதவும். 1989-லேயே மும்பை சயான் மருத்துவமனையில் அத்தகைய வங்கி தொடங்கியது. மருத்துவர் இசைந்தால், குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கலாம். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-இல் தோன்றிய இம்முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. தாயின் தோலில் வாழும் நுண்ணுயிர்களும் இவ்வழியே குழந்தையை அடைகின்றன.

இத்தனையும் செய்ய வேண்டியவள், பிரசவ வலி தீராத ஒரு பெண். ஆதலால் அடுத்த முறை இத்தகைய குழந்தையைக் காணச் செல்லும்போது, எடையைக் கேட்குமுன் தாயிடம், "சாப்பிட்டாயா அம்மா? உறங்கினாயா?" என்று கேட்போம். அவள் வீட்டுச் சமையலையும் மூத்த பிள்ளையின் பள்ளிப் பயணத்தையும் ஒரு மாதம் நாம் ஏற்றுக்கொள்வோம். அவள் பிழிந்து தரும் ஒவ்வொரு துளியிலும் நமக்கும் பங்கிருக்கும்.