ஏஐ தேடலில் நம் இணையதளங்கள் ஏன் தெரிவதில்லை?

"அணிந்திருக்கும் நகைக்கு ஜகாத் உண்டா?" ரமலான் நெருங்கும்போது நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது. முன்பெல்லாம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டு வரச்சொல்லி ஆளனுப்புவார்கள். பிறகு கூகுளில் தேடினோம். வரிசையாகச் சுட்டிகள் வரும். நமக்குத் தெரிந்த மதரஸாவோ ஆலிமோ எழுதியது எது என்று பார்த்துத் திறப்போம். இன்று பிள்ளைகள் சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ கேட்கிறார்கள். நான்கு வரியில் ஒரு பதில் வந்துவிடுகிறது. அது யார் சொன்னது என்று கீழே இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்தக் கேள்விக்கோ ஒற்றைப் பதில் கிடையாது. ஹனஃபி மத்ஹபில், நிஸாபை எட்டிய தங்க, வெள்ளி நகைகளுக்கு, அணிந்திருந்தாலும் ஜகாத் கடமை. ஷாஃபிஈ மத்ஹபில், பெண்கள் வழக்கமாக அணியும், வரம்பு மீறாத நகைக்கு ஜகாத் இல்லை என்பதே ஏற்கப்பட்ட நிலைப்பாடு. தமிழகத்தின் கடலோர ஊர்களில் ஷாஃபிஈகள் அதிகம். உள்மாவட்டங்களில் ஹனஃபிகள் அதிகம். காயல்பட்டினத்துப் பெண்ணும் வாணியம்பாடிப் பெண்ணும் ஒரே கேள்வியைத் தட்டச்சு செய்தால் ஏஐ இருவருக்கும் ஒரே பதிலைத் தரலாம். கேட்பவர் தன் மத்ஹபைச் சொல்லாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

நம் மதரஸாக்களும் உலமா அமைப்புகளும் இதையெல்லாம் தெளிவாக விளக்கித்தான் வருகின்றன. பிரச்சினை என்னவென்றால், அந்த விளக்கங்களில் பெரும்பகுதி ஏஐ படிக்கக்கூடிய வடிவில் இல்லை.

ஏஐ தேடல் எப்படி வேலை செய்கிறது?

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தபோது, தான் பயிற்சியில் படித்ததை வைத்தே பதில் சொன்னது. 2024 அக்டோபர் இறுதியில் அதில் இணையத் தேடல் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுளும் தேடல் பக்கத்தின் உச்சியில் ஏஐ சுருக்கம் காட்டும் வசதியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இவை இப்போது மூன்று வேலைகளைச் செய்கின்றன. உங்கள் கேள்வியைச் சில சிறு தேடல்களாகப் பிரிக்கின்றன. கிடைக்கும் பக்கங்களிலிருந்து பொருத்தமான பத்திகளை மட்டும் எடுக்கின்றன. அந்தப் பத்திகளைக் கோத்துப் பதில் எழுதி, எடுத்த இடத்துக்குச் சுட்டி கொடுக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'பத்தி'. உங்கள் கட்டுரையை முழுதாக யாரும் தூக்கிக் காட்டப் போவதில்லை. நடுவிலிருந்து ஒரு பத்தி மட்டும் பிய்த்து எடுக்கப்படும். "மேலே சொன்னபடி இதற்கும் கடமை இல்லை" என்று தொடங்கும் பத்தி தனியாக நின்றால் எதைச் சொல்கிறது? ஒன்றுமில்லை. "ஷாஃபிஈ மத்ஹபின்படி, பெண்கள் வழக்கமாக அணியும் தங்க நகைக்கு ஜகாத் கடமை இல்லை" என்று எழுதினால் அது எங்கே போனாலும் தன் பொருளோடு போகும். கேள்வியையே துணைத்தலைப்பாக வைத்து, முதல் இரண்டு வாக்கியங்களில் பதிலைச் சொல்லிவிட்டு, ஆதாரத்தையும் விரிவையும் அதன்பின் எழுதுவது நல்லது. ஹம்து, ஸலவாத்துக்குப் பின் நீண்ட முன்னுரை சொல்லி விஷயத்துக்கு வருவது பயானுக்கு அழகு. அதை வெட்ட வேண்டாம். ஆனால் கேள்விக்குரிய பத்தி அந்த முன்னுரையைச் சார்ந்திருக்கக் கூடாது.

படமாகிப்போன எழுத்துகள்

நம் சமுதாய இணையதளங்கள் பலவற்றைத் திறந்து பாருங்கள். ஸஹர், இஃப்தார் அட்டவணை ஒரு படம். கல்வி உதவித்தொகை அறிவிப்பு ஒரு வண்ண போஸ்டர். ஃபித்ரா தொகை வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். ஜும்ஆ பயான் ஒரு மணி நேரக் காணொளி. அதன் கீழே ஒரு வரிகூட இல்லை. மனிதக் கண்ணுக்கு இவை போதும். பக்கங்களைச் சேகரிக்க வரும் நிரல்களோ எழுத்தைத்தான் முதலில் பார்க்கின்றன. படத்துக்குள் இருக்கும் 'கடைசித் தேதி' பெரும்பாலும் அவற்றின் கணக்கில் வருவதேயில்லை. உதவித்தொகை தேடும் ஏழை மாணவிக்கு உங்கள் அறிவிப்பு போய்ச் சேராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். போஸ்டர் இருக்கட்டும், அதிலுள்ள விவரத்தை அப்படியே கீழே எழுத்தாகவும் இடுங்கள். காணொளிக்கு அடியில் பேசப்பட்டதன் சாரத்தை இரண்டு பத்தி எழுதுங்கள்.

பழைய எழுத்துருக்கள் இன்னொரு தடை. தமிழுக்கு யூனிகோடில் 1991 முதலே இடம் உண்டு. தமிழக அரசும் 2010-ல் அதைத் தரமாக ஏற்றது. இருந்தும் பாமினி போன்ற எழுத்துருக்களில் அச்சுக்கோத்த நூல்களும் மாத இதழ்களும் பிடிஎஃப் கோப்புகளாக இன்னும் ஏற்றப்படுகின்றன. சோதிப்பது எளிது. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்தால், ஏஐக்கும் அதே குப்பைதான் தெரிகிறது. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஆயத், ஹதீஸ் பகுதிகளை ஓர் ஆலிம் கட்டாயம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இனி எழுத்துக்கூட்டல். ஜகாத், ஸகாத், ஜக்காத். மதரஸா, மத்ரஸா, மதரசா. ஒரே சொல்லை நாம் இத்தனை விதமாக எழுதுகிறோம். ஊர்ப் பெயர்களிலும் இதே கதைதான்: காயல்பட்டினம், காயல்பட்டணம். இவை ஒன்றே என ஏஐ பெரும்பாலும் ஊகித்துவிடும். ஆனாலும் கட்டுரையின் தொடக்கத்தில் ஒருமுறை, "ஸகாத் (ஜகாத் என்றும் எழுதுவர்)" என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. பத்து வடிவங்களையும் பக்கம் முழுக்கத் திணிப்பது வீண்.

வீண் என்பது நம் ஊகமன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், டெல்லி ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு மாநாட்டில் வெளியிட்ட ஆய்வு, பத்தாயிரம் கேள்விகளை வைத்து இதைச் சோதித்தது. ஆதாரம் காட்டுவது, உரியவரின் கூற்றை மேற்கோளாகத் தருவது, எண் விவரம் சேர்ப்பது ஆகியவை ஏஐ பதில்களில் ஒரு பக்கம் இடம்பெறும் அளவை 40 விழுக்காடு வரை உயர்த்தின. தேடல் சொற்களைத் திணிப்பது பயன் தரவில்லை. யார் சொன்னது, எந்த நூலில், யார் வழியாக என்று கேட்டே பழகிய சமுதாயம் நாம். ஹதீஸை எடுத்தெழுதும்போது நூலும் எண்ணும் தருவது நமக்குப் புதிதா என்ன? ஃபத்வாவுக்கு அதை வழங்கிய ஆலிமின் பெயர், மத்ஹப், தேதி. விலை சொன்னால் எந்த நாளின் விலை என்பது. இவற்றை விடக் கூடாது. "இந்த ஆண்டு நிஸாப்" என்று மட்டும் எழுதிவிட்டால், மூன்றாண்டு கழித்தும் ஏஐ அதை எடுத்து யாருக்காவது பதிலாகக் கொடுக்கக்கூடும். வெள்ளி விலை அதற்குள் எங்கோ போயிருக்கும். ஹிஜ்ரி ஆண்டையும் ஆங்கிலத் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

கதவு பூட்டியிருக்கிறதா?

சில தளங்களில் எல்லாம் சரியாக இருந்தும் ஏஐ உள்ளே வர முடிவதில்லை. தளத்தின் 'ரோபோட்ஸ்' கோப்பிலோ, வழங்கியின் பாதுகாப்பு அமைப்பிலோ அந்த நிரல்கள் தடுக்கப்பட்டிருக்கும். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் நிரல்களில் இரண்டைக் கவனியுங்கள். ஜிபிடிபாட் பயிற்சிக்காகச் சேகரிப்பது. ஓஏஐ-சர்ச்பாட் தேடலுக்காக வருவது. முதலாவதை மறுத்து, இரண்டாவதை அனுமதிக்கலாம். நம் எழுத்தைப் பயிற்சிக்குத் தர விரும்பாத பதிப்பகங்களுக்கு இது நல்ல வழி. கூகுளின் ஏஐ சுருக்கமோ அதன் வழக்கமான தேடல் நிரல் சேகரித்ததையே பயன்படுத்துகிறது. அதற்கெனத் தனிக் கோப்போ சிறப்புக் குறியீடோ தேவையில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. எனவே "ஏஐ-யில் முதலிடம் உறுதி" என்று தொகுப்பு விற்க வருபவர்களிடம் ஜமாஅத் பணத்தைக் கொடுக்குமுன் இருமுறை யோசியுங்கள். அந்தப் பணத்தில் ஒரு கல்லூரி மாணவரை அமர்த்தி ஐம்பது போஸ்டர்களை எழுத்தாக்கலாம்.

எதைத் தெரியவிடக் கூடாது?

இது பலரும் யோசிக்காத பக்கம். தெரிய வேண்டியவை தெரியாமலிருக்க, மறைய வேண்டியவை சில தளங்களில் அப்பட்டமாகக் கிடக்கின்றன. ஜகாத் நிதி பெற்றவர்களின் பெயர், தெரு, படம். மண வரன் பகுதியில் பெண்களின் வயதும் தந்தையின் கைபேசி எண்ணும். மருத்துவ உதவி கேட்டவரின் நோய் விவரம். முன்பு இவற்றைப் பார்க்க அந்தப் பக்கத்தைத் தேடி வர வேண்டியிருந்தது. இப்போது ஒருவர் பெயரைச் சொல்லி ஏஐயிடம் கேட்டாலே, சிதறிக் கிடப்பதை அது ஒன்றாகத் தொகுத்துத் தந்துவிடும். கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும்: எத்தனை குடும்பம், எவ்வளவு தொகை, எந்த மாதம். வாங்கியவரின் மானம் பொதுவெளிக்கு வர வேண்டியதில்லை. பக்கங்களை ஏஐக்கு ஏற்றபடி சீராக்கத் தொடங்குமுன் இவற்றை நீக்குங்கள், அல்லது கடவுச்சொல்லுக்குப் பின்னால் வையுங்கள்.

கடை, ஹஜ் உம்ரா சேவை, உணவகம் நடத்தும் குடும்பங்களுக்கும் இதே முறைதான். முகவரி, நேரம், ஹலால் சான்று யாரிடம் பெற்றது, தொகுப்பில் எது அடங்கும், எது அடங்காது என்பதை எழுத்தில் சொல்லுங்கள். கூகுள் வணிகப் பக்கத்தில் உள்ள பெயரும் எண்ணும் உங்கள் தளத்தில் உள்ளவையும் ஒன்றாக இருக்கட்டும்.

இந்த வாரம் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஊர் ஜும்ஆ நேரம், மதரஸா சேர்க்கை, உதவித்தொகை பற்றித் தமிழில் ஐந்து கேள்விகளை இரண்டு ஏஐ தளங்களில் கேளுங்கள். பதிலைவிட, கீழே எந்தச் சுட்டி வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜமாஅத் தளம் வராத கேள்விகளின் பட்டியலை இன்ஷா அல்லாஹ் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வைக்கலாம். தவறான ஜும்ஆ நேரம் வந்திருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்; வெளியூரிலிருந்து வருபவர் அதை நம்பித்தான் புறப்படுவார்.