எட்டு போட்டால் மட்டும் போதுமா? பிள்ளைகளிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன்...

"அம்மா, டியூஷனுக்கு லேட்டாயிடுச்சு. ஸ்கூட்டியை எடுத்துட்டுப் போறேன்!"

பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. 'பக்கத்துத் தெருதானே' என்று நாமும் சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

16 வயதில் லைசென்ஸ் வாங்கலாம்தான். ஆனால், அது கியர் இல்லாத, 50 சிசி-க்கு மிகாத வண்டிக்கு மட்டும். நம் வீட்டு ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசி-க்கு மேல். அவற்றை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

மீறினால்? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

18 ஆனதும் எல்லாம் சரியா?

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள்கள் கழித்து, மைதானத்தில் எட்டு போட்டால் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். அன்றைக்கே நள்ளிரவிலும் ஓட்டலாம், நெடுஞ்சாலையிலும் ஓட்டலாம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதைப் படிப்படியாகத்தான் அனுமதிக்கிறார்கள். கார் பழகும் 25 வயதுக்கு உட்பட்டவர்கள், அனுபவமுள்ளவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 120 மணி நேரம் ஓட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். தேர்வில் ஜெயித்தால் வண்டியில் சிவப்பு 'பி' பலகை. அப்போதும் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இரவு 11 முதல் அதிகாலை 5 மணி வரை, 21 வயதுக்கு உட்பட்ட ஒருவரை மட்டுமே ஏற்றிச் செல்லலாம். அதன் பிறகுதான் பச்சைப் பலகை, கடைசியில் முழு லைசென்ஸ். இரவும் நண்பர் கூட்டமும் புதியவர்களின் கவனத்தைச் சிதறடிக்கும் என்பதே காரணம்.

வீட்டிலேயே போடலாம் படிகள்!

* லைசென்ஸ் வாங்கிய முதல் மாதம் பகலில், பழகிய சாலையில் மட்டும். பின்னால் நீங்களே உட்காருங்கள்.

* அடுத்து நெரிசலான சாலைகள். மழையும் இரவும் அதற்குப் பிறகு.

* நண்பர்களை ஏற்றுவது கடைசியில்தான். அதிலும் ட்ரிபிள்ஸ் எப்போதும் கூடாது.

* பக்கத்துத் தெருவுக்கும் ஹெல்மெட் வேண்டும். முதலில் நீங்கள் போடுங்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பத்து நிமிடம் லேட்டானால் டியூஷன் சார் திட்டுவார், அவ்வளவுதானே? 18 வயது வரை சாவி ஆணியிலேயே தொங்கட்டும்!