ஆலோசனைக்கு முன் கணக்கு

கென்யாவில் 640 சிறுதொழில் முனைவோரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வை, செயற்கை நுண்ணறிவிடம் வியாபார யோசனை கேட்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். நிக்கோலஸ் ஓடிஸ், ரெம்பிராண்ட் கோனிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஜிபிடி-4 கொண்டு இயங்கும் தொழில் ஆலோசகரை வாட்ஸ்அப் வழியே கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான தொழில் வழிகாட்டிக் கையேடு மட்டும் கிடைத்தது. சராசரியாகப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் அந்தச் சராசரிக்குள் இரண்டு எதிரெதிர்க் கதைகள் இருந்தன. முன்பே நன்றாகத் தொழில் நடத்தியவர்களுக்கு வருமானமும் லாபமும் 15 முதல் 20 சதவீதம் வரை கூடின. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தவர்களுக்கோ 8 முதல் 10 சதவீதம் வரை குறைந்தன. யாருக்கு உதவி அதிகம் தேவைப்பட்டதோ அவர்களே இழந்தார்கள். சிறு வியாபாரிக்கு இன்று பெரிய குறை ஆலோசனைப் பஞ்சம் அல்ல. தன் கடையின் நிலவரம் எண்களாகத் தன் கண்முன் இல்லாததுதான். அந்தக் குறையைத் தீர்க்காமல் ஆலோசனையை மட்டும் மலிவாக்கினால் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான தூரம் கூடவே செய்யும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். விற்பனை மந்தம் என்று சொன்னால் கருவி தரக்கூடிய மிகப் பொதுவான யோசனைகளில் ஒன்று, விலையைக் குறைத்துப் பாருங்கள் என்பது. 80 ரூபாய்க்குக் கொள்முதல் செய்து 100 ரூபாய்க்கு விற்கும் பொருளில் லாபம் 20 ரூபாய். பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விற்பனை விலை 90, லாபம் 10. அதாவது பழைய லாபத்தைத் தொடுவதற்கே இரண்டு மடங்கு சரக்கு விற்றாக வேண்டும். கொள்முதல் விலையும் மாதச் செலவும் கைவசம் வைத்திருக்கும் கடைக்காரர் இந்த யோசனையைக் கேட்டவுடனே ஒதுக்கிவிடுவார், அல்லது லாபம் அதிகமுள்ள ஒரு பொருளுக்கு மட்டும் பொருத்திப் பார்ப்பார். கணக்கு இல்லாதவர் கல்லாவில் பணம் புழங்குவதைப் பார்த்து வியாபாரம் தேறிவிட்டதாக நம்புவார். யோசனை ஒன்றே, அதைச் சலித்தெடுக்கும் சல்லடை ஒருவரிடம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை.

தன் கணக்கைத் தானே பார்ப்பதற்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கும் கென்யாவிலேயே சான்று கிடைக்கிறது. லோரி பீமன், ஜெரமி மக்ரூடர், ஜோனதன் ராபின்சன் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, சிறு கடைகளில் சில்லறை இல்லாமல் கைநழுவும் விற்பனையைப் பற்றியது. நோட்டை நீட்டும் வாடிக்கையாளருக்கு மீதி கொடுக்க முடியாமல் போவதாலேயே கடைக்காரர்கள் லாபத்தில் 5 முதல் 8 சதவீதம் வரை இழந்துகொண்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் அவர்களுக்குப் பெரிய பாடம் எதுவும் நடத்தவில்லை. சில்லறை இல்லாமல் எத்தனை விற்பனை போனது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்; சிலருக்கு இழப்பின் அளவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. கடைக்காரர்கள் சில்லறையைக் கூடுதலாக வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள், இழப்பும் கணிசமாகக் குறைந்தது.

வெளி ஆலோசகர்களால் தொழில் உயர்ந்த வரலாறு உண்டே என்று கேட்கலாம். உண்டு. நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் மும்பை அருகே நெசவாலைகளில் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், நிர்வாக ஆலோசனை பெற்ற ஆலைகளின் உற்பத்தித்திறன் முதல் ஆண்டிலேயே 17 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அங்கே ஆலோசகர்கள் முதல் மாதம் முழுவதும் ஆலையின் நடைமுறைகளை ஆராய்ந்தார்கள். பிறகு நான்கு மாதம் உடனிருந்து, துணியில் விழும் பழுதைப் பதிவதையும் நூல் இருப்பைக் கணக்கெடுப்பதையும் நடைமுறையாக்கினார்கள். அளந்து பார்த்துச் சொன்ன யோசனை அது. கடையைப் பார்க்காமலே பதில் சொல்லும் கருவியை அதனோடு ஒப்பிட முடியாது.

விடிந்ததிலிருந்து கடையில் நிற்பவருக்குக் கணக்கு எழுத நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. இதற்கு விடை டொமினிக்கன் குடியரசில் இருக்கிறது. அங்கே சிறு வியாபாரிகளில் ஒரு பிரிவினருக்கு முறையான கணக்கியல் வகுப்பும், இன்னொரு பிரிவினருக்கு எளிய விதிகளும் கற்றுத்தரப்பட்டன. வீட்டுப் பணத்துக்கு ஓர் இழுப்பறை, கடைப் பணத்துக்கு ஓர் இழுப்பறை. ஒன்றிலிருந்து மற்றதற்கு எடுத்தால் சீட்டு எழுதி வைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 2014இல் வெளியான முடிவுகளின்படி, நடைமுறையை மாற்றியது எளிய விதிகள்தான். கணக்கியல் வகுப்பால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. செயற்கை நுண்ணறிவு உண்மையாகவே கைகொடுக்கக்கூடிய இடமும் இதுதான். இன்று கொடுத்த கடன், வாங்கிய சரக்கு, வீணான பொருள் ஆகியவற்றை வாயால் சொன்னால் பதிந்துகொண்டு, வார இறுதியில் கூட்டிக் காட்ட அதனால் முடியும். கென்யாவின் எம்-பெசா, நம்முடைய யுபிஐ போன்ற கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வரவைத் தானாகவே பதிகிறது. ஆனால் கொள்முதல் விலையும் கொடுத்த கடனும் அதில் முழுமையாகத் தெரிவதில்லை. வரவை மட்டும் வைத்து லாபத்தைச் சொல்ல முடியாது என்பதால் அந்த மீதியை வியாபாரியிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாளைய கருவி இன்னும் கெட்டிக்காரத்தனமாக இருக்கும், அப்போது இந்தச் சிக்கல் தானே தீரும் என்பது மற்றொரு வாதம். கருவி எவ்வளவு வளர்ந்தாலும் அதற்குச் சொல்லப்படாத கொள்முதல் விலை அதற்குத் தெரியாது. எனவே வளர்ச்சி வேறு திசையில் வேண்டும்: விலையைக் குறைக்கலாமா என்று வியாபாரி கேட்டால், கருவி முதலில் அசல் எவ்வளவு, மாதம் எத்தனை விற்கிறது, பாக்கி எவ்வளவு நிற்கிறது என்று திருப்பிக் கேட்க வேண்டும். பதில் கிடைக்காதவரை யோசனை சொல்லக் கூடாது. இத்தகைய சேவைகளை உருவாக்கும் நிறுவனங்களும், அவற்றைச் சிறுதொழில்களுக்குப் பரிந்துரைக்கும் அரசு அமைப்புகளும், வங்கிகளும் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பதோடு நின்றுவிடக் கூடாது. தடுமாறும் கடைகளின் லாபம் கூடியதா, குறைந்ததா என்பதைத் தனியே அளந்து வெளியிட வேண்டும். வியாபாரி தன் பங்குக்கு, விற்கும் பத்துப் பொருள்களின் அசலையும் விலையையும் எழுதி வைத்த பிறகு முதல் கேள்வியைக் கேட்கட்டும். அப்போதுதான் வரும் பதிலில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற முடிவு அவர் கையில் இருக்கும்.